நவதீபம் டீமைப் பிடித்த தோஷம்

எண்பத்தாறாம் வருஷம் மார்கழி பிறந்த கையோடு ஓசூர் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழத்தின் விலை எகிறியது. மழை பொய்க்கவில்லை. மார்கழியில் கல்யாணமும் கிடையாது. ஊறுகாய் கம்பெனி எதுவும் புதிதாகத் திறக்கவில்லை. வாலிபால்தான் காரணம்.

வாலிபாலுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஜெயம் சாமியைப் பார்க்காதவர்கள். கொடுத்து வைத்தவர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். அதன் மாடியில், கடைசி அறையில் ஜெயம் சாமி எழுந்தருளியிருந்தார். கொல்லிமலையில் தவம் செய்தவர், பெங்களூரில் பெரிய பெரிய டீமுக்கெல்லாம் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் என்று பேச்சு. எந்த டீம், எந்தக் கோப்பை என்றால் மட்டும் பேசுகிறவர்களுக்கு இருமல் வந்துவிடும். அறைக்கு வெளியே ஒரு போர்டு: ‘தோற்றவனை ஜெயிக்க வைப்பார். ஜெயித்தவனைத் தோற்க விடமாட்டார்.’ இந்த இருவரும் ஒரே மைதானத்தில் எதிரெதிராக நின்றால் சாமி என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசை நின்றுவிடும். வரிசை நின்றால் பின்னால் இருப்பவன் முதுகில் குத்துவான்.

வரிசை படியிறங்கி, சைக்கிள் கடையைத் தாண்டி, பரோட்டா கடை வரைக்கும் போனது. பிள்ளை வரம் கேட்க வந்த பெண்கள்கூட வாலிபால் ரசிகர்களுக்குப் பின்னால்தான் நின்றார்கள். பிள்ளை அடுத்த வருஷமும் பிறக்கும். போட்டி தை மாதமே தொடங்குகிறதே!

அந்த வரிசையில் எல்லப்பன் நின்றதில் ஆச்சரியமில்லை. நவதீபம் ஃபவுண்டரி வாலிபால் ரசிகர் மன்றத்தின் செயலாளர் அவர். நவதீபம் டீமுக்கு ரசிகனாக இருப்பது லேசான காரியமல்ல. போன சீசனில் ஆடிய எல்லா மாட்சிலும் தோல்வி. ஒரு மாட்சில் எதிரணி வந்த வேன் சூளகிரியில் பஞ்சராகி, ஆள் குறைந்து, அப்போதும் தோல்வி. ஆனாலும் ஒவ்வொரு மார்கழியிலும் சிப்காட் கேட் டீக்கடையில் நம்பிக்கை துளிர்க்கும்.

“இந்த வருஷம் கோப்பை நம்முளுது. எழுதி வெச்சுக்கோ” என்பார் கிரேன் ஓட்டும் கிருஷ்ணப்பன்.

“எதுல எழுதறது? போன வருஷம் எழுதினதுக்கு மேலயா, கீழயா?” என்பார் ஷேக் தாவூத். வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் பேட்டர்ன் பிரிவில் மரத்தை இழைப்பவர். நம்பிக்கையையும் அப்படியே இழைப்பார்.

“நம்ம பசங்க பிராக்டிஸ்ல என்னா அடி அடிக்கறாங்க பார்த்தியா?”

“பிராக்டிஸ்ல எதிர்ல ஆளே இல்லையே கிருஷ்ணப்பா. காத்தோட ஆடினா நாமதான் கெலிப்போம்.”

“இந்த வருஷம் ஆஞ்சப்பன் இருக்கான்பா!”

அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லப்பன் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார். ஆஞ்சப்பன் அவருடைய மச்சான். மனைவி ஜோதிமணியின் தம்பி. இடக்கைக்காரன். வலையின் வலது ஓரத்தில் நின்று, காகம் பறக்கும் உயரத்துக்கு எம்பி, இடது கையால் ஒரு சாத்து சாத்தினான் என்றால் தடுக்கக் குதித்தவர்கள் தப்பான பக்கத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு அடிக்காகத்தான் ஃபவுண்டரியில் அவனைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்திருந்தார்கள். இந்த சீசன் டீமில் ஆடினால் வேலை நிரந்தரம். ஆடாவிட்டால் தை மாசத்தோடு கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சாமல்பட்டிக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அங்கே ஒரு கிணறு இருந்தது. தண்ணீர் இல்லை.

இப்படி ஒரு மச்சான் இருக்கும்போது எல்லப்பன் சாமியிடம் ஏன் போனார் என்றால், அதுதான் ரசிகன் புத்தி. இருக்கிறது போதாது. உறுதி வேண்டும். அதுவும் வானத்திலிருந்து கையெழுத்துப் போட்டு வந்த உறுதி.

இத்தனைக்கும் எல்லப்பன் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? இன்ஸ்பெக்‌ஷன். ஃபவுண்டரியில் வார்த்து எடுக்கும் இரும்பு வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் லாரி ஓடும்போது உடைந்து ஆள் செத்துப்போவான். அதனால் ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை எடுத்து, நடுவில் அறுத்து, வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் மற்றதற்கு எல்லப்பன் பச்சை பெயின்ட் வைப்பார். மானேஜிங் டைரக்டரே வந்து “அறுக்காம அனுப்புய்யா, அவசரம்” என்றால்கூட, “அறுக்காம என்னா சார் தெரியும்?” என்று கேட்கிற மனுஷன். கேட்டுக்குள் நுழையும்போது போட்டுக்கொள்ளும் அந்தப் புத்தியை, வெளியே வரும்போது சேஃப்டி ஷூவோடு லாக்கரில் கழற்றி வைத்துவிடுவார்.

அவருடைய முறை வந்தது. கூடவே டீக்கடை ஆட்களும் டீம் பனியன் மூட்டையும். வாசலிலேயே முதல் கட்டளை.

“இரும்பு உள்ள வரக்கூடாது. சனீஸ்வரனோட உலோகம். பெல்ட், சாவி, பேனாக்கத்தி எல்லாம் வெளிய!”

ஃபவுண்டரி ஆட்கள் இரும்பைக் கழற்றினால் பாதி உடம்பு குறைந்துவிடும். கிருஷ்ணப்பன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறுகையால் கும்பிட்டார். “எங்க வூட்ல இதெல்லாம் நம்ப மாட்டோம்” என்று சொல்லிக்கொண்டே ஷேக் தாவூத் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

ஜெயம் சாமி மணைப்பலகைக்கு முன்னால் அமர்ந்திருந்தார். காவித் துணி மடியிலிருந்து பலகைக்கு அடியில் வரைக்கும் தழைந்து கிடந்தது. பலகையின் மேல் பெரிய பித்தளைத் தாம்பாளம். டீம் பனியன்களை மடித்து அதைச் சுற்றி வட்டமாக வைத்தார்கள். நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சாமி வைத்தார். கண்ணை மூடினார். உதடு துடித்தது.

பழம் அசைந்தது.

“ஐயோ!” என்றார் கிருஷ்ணப்பன். கும்பிட இரண்டு கையையும் தூக்கி, பேன்ட்டை இழந்து, மறுபடி பிடித்தார்.

பழம் மெல்ல ஊர்ந்தது. ஒன்றாம் நம்பர் பனியனை முகர்ந்து பார்ப்பது போல நின்றது. திரும்பியது. தாம்பாளத்தின் ஓரமாகவே ஒரு சுற்று வந்து, ஐந்தாம் நம்பருக்கு எதிரே போய் நட்டு வைத்தாற்போல நின்றுவிட்டது. ஐந்தாம் நம்பர், ஆஞ்சப்பன்.

சாமி கண்ணைத் திறக்காமலே சொன்னார். “இடது... இடது... உங்க டீம்ல பீச்சாங்கைக்காரன் ஒருத்தன் இருக்கான்.”

கூட்டம் மெய்சிலிர்த்தது. ஆஞ்சப்பன் இடக்கைக்காரன் என்பது டீக்கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்த விஷயம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதால் அது ஞானமாகிவிட்டது.

“அசுத்தம் பண்ற கையால பந்தைத் தொடறான். பந்து லட்சுமி. லட்சுமி போயிட்டா. அவனை டீம்லேர்ந்து எடுங்க. யாகம் பண்ணுங்க. கோப்பை உங்களுக்குத்தான்.”

“சாமி, அவன் போன வருஷம் டீம்லயே இல்லீங்களே. அப்பவும் தோத்தோமே?” இதைக் கேட்டது எல்லப்பன்தான். பாவம், லாக்கரில் வைத்த புத்தி ஒரு விநாடி எட்டிப் பார்த்துவிட்டது.

சாமி சிரித்தார். “வரப்போற தோஷம் முன்னாடியே நிழல் விழும்பா.”

எல்லப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நிபந்தனை. பழத்தை யாரும் வெட்டக் கூடாது. வெட்டினால் தோஷம் வெட்டினவன் கைக்கு ஏறும். இங்கே நடந்ததை வேறு டீம்காரர்களிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் சக்தி போய்விடும். புது வலை வாங்க வைத்திருந்த பணம் அன்றைக்கே யாகத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்து ஜோதிமணியிடம் விஷயத்தைச் சொல்ல எல்லப்பன் பட்ட பாடு யாகத்தைவிடப் பெரியது. ஜோதிமணி சாதாரண ரசிகை அல்ல. டீமுக்குப் பனியன் தைப்பவளே அவள்தான். நம்பர் வெட்டி ஒட்டித் தைப்பதும் அவள்தான். மாட்ச் நடக்கும்போது ரெஃபரியின் வம்சத்தை மூன்று பாஷையில் விசாரிப்பாள். தமிழில் திட்டியது புரியாவிட்டால் கன்னடத்தில். அதற்கும் மசியாவிட்டால் தெலுங்கில்.

அவள் களி கிளறிக்கொண்டிருந்தாள். எல்லப்பன் சொல்லி முடித்தார். களி உருண்டை தட்டில் ஸ்மாஷ் அடித்த மாதிரி விழுந்தது.

“பழம் சொல்லிச்சா?”

“நகர்ந்துச்சு ஜோதி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“என் தம்பி வேலை போறதுக்கு ஒரு எலுமிச்சம்பழம் உத்தரவு போட்டுச்சா? நாளைக்குக் கத்திரிக்கா வந்து என்னைத் தள்ளி வெக்கச் சொல்லும். செய்வீங்களா?”

“சாமி விஷயத்துல கிண்டல் பண்ணாதே.”

“நான் கிண்டல் பண்ணலை. கேள்வி கேக்கறேன். உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.”

அப்போதுதான் ஆஞ்சப்பன் உள்ளே வந்தான். விஷயம் அவனுக்கு முன்பே எட்டியிருந்தது. ஆறடி உயரம். நிலைப்படி இடிக்குமென்று குனிந்து வந்தவன் நிமிரவே இல்லை.

“பரவாயில்ல மாமா” என்றான். “வேணும்னா நான் வலது கையால அடிக்கப் பழகிக்கறேன்.”

எல்லப்பனுக்குக் களி தொண்டையில் நின்றது. சோறு ஊட்டும் வயசிலிருந்து இவனுடைய இடது கையில் சாமல்பட்டியில் எத்தனை பேர் சூடு வைப்பதாக மிரட்டினார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கையைப் பார்த்து முதன்முதலாகக் கைதட்டியவர் அவர்தான். இப்போது அதே கையை வெட்டிவிடச் சொல்லி வந்திருப்பவரும் அவர்தான். தண்ணீர் குடித்தார். களி இறங்கியது. மற்றது இறங்கவில்லை.

மறுநாள் ஜோதிமணி மார்க்கெட்டுக்குப் போனாள். எலுமிச்சம்பழம் விற்கும் நூர் முகமது பல் தெரியச் சிரித்தார்.

“வாக்கா! நீயும் யாகத்துக்கா? நல்ல பழமா பொறுக்கித் தரேன்.”

“நீயும்னா? வேற யாரு பாய் வாங்கறாங்க?”

“யாரு வாங்கலைன்னு கேளு! சூளகிரி டீம் ஆளு ஒரு கூடை. மத்தூர்காரன் ஒரு கூடை. கிருஷ்ணகிரிலேர்ந்து பஸ் ஏறி வந்து வாங்கிட்டுப் போறாங்கோ. போன வருஷம் கோப்பை எடுத்தாங்களே அந்த ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிக்காரன், அவன் ரெண்டு கூடை. எல்லாரும் என் காதுகிட்ட வந்து, ‘பாய், யாருகிட்டயும் சொல்லாதீங்க, இந்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான்’ங்கறான். நானும் ஒருத்தன்கிட்டயும் சொல்லலை. உன்கிட்டதான் சொல்றேன்.”

ஜோதிமணி பறந்து வந்தாள்.

“இந்தாங்க, எல்லா டீமுக்கும் அதே சாமி, அதே யாகம், அதே கோப்பை! கோப்பையை வெட்டிப் பங்கு போடுவானா?”

எல்லப்பன் கொஞ்ச நேரம் யோசித்தார். ரசிகன் யோசிப்பது ஆபத்து. முடிவு முதலில் வந்துவிடும். காரணம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வரும்.

“அவங்களுக்குச் சொன்னது பொய்யா இருக்கும் ஜோதி. நமக்குச் சொன்னதுதான் நிஜம்.”

ஜோதிமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஒரு புதுத் துணியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபவுண்டரி மைதானத்தில் யாகம். ஷாமியானா போட்டிருந்தார்கள். நாதஸ்வரம் வந்திருந்தது, அதற்குப் பணம் இருந்தது, வலைக்குத்தான் இல்லை. பெர்சனல் ஆபீசரும் வந்திருந்தார். பி.ஏ. படித்தவர். “எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தமிழில் செருப்பைக் கழற்றினார். “எல்லார் முன்னாடியும் பழம் மறுபடி ஐந்தாம் நம்பரைக் காட்டினால் அந்தப் பையனை நிறுத்திவிடலாம். டீமுக்கு வேண்டாதவனை நான் எப்படி நிரந்தரம் பண்ண முடியும்?” என்றார்.

ஆஞ்சப்பன் கூட்டத்தின் கடைசியில் நின்றான். இடது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தான்.

மணை, தாம்பாளம், காவித் துணி. பனியன்கள் வட்டமாக. பழம் வைக்கப்பட்டது. நாதஸ்வரம் நின்றது. பழம் நகர்ந்தது. பழம் ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்தாம் நம்பருக்கு எதிரே போய் நின்றது.

“பீச்சாங்கை வேர்வை நாறுது!” என்று உறுமினார் சாமி.

“நாறுதா சாமி?” ஜோதிமணி எழுந்தாள். கையில் தையல் பை. “நல்லா மோந்து பாருங்க. அது நேத்து ராத்திரி நான் தைச்ச புதுப் பனியன். யாரும் போடலை. இன்னும் கஞ்சி வாசனைகூடப் போகலை. என் தம்பியோட பழைய பனியன்ல எட்டாம் நம்பர் தைச்சு அந்தப் பக்கம் வெச்சிருக்கேன். உங்க பழம் அதைத் தாண்டித்தான் போச்சு. சலாம்கூடப் போடலை.”

இப்போது எல்லோருக்கும் புத்தி வந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்தால் நீங்கள் பக்தர்களைப் பார்த்ததே இல்லை.

“தோஷம் நம்பர்ல ஏறியிருக்குப்பா!” என்று கத்தினார் கிருஷ்ணப்பன். “ஆளு தொடவே வேணாம், நம்பர் போதும்! எவ்வளவு பவர் பாரு!”

“கோவிந்தா!” என்றது கூட்டம்.

சாமிக்கே ஆச்சரியமாக இருந்தது. தான் சொல்ல வேண்டிய பொய்யை எதிரில் இருப்பவனே சொல்லிவிட்டால் சாமியாருக்கு வேறு என்ன வேண்டும்?

“தாயே, சந்தேகப் பேய் உன்னைப் பிடிச்சிருக்கு. விலகு” என்றார்.

“விலகறேன். அதுக்கு முன்னாடி பழத்தை வெட்டிப் பார்த்துடலாம்.” ஜோதிமணி பையிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“இரும்பு! இரும்பு!” சாமி அலறினார். பதறியதில் காவித் துணிக்குள் கால் ஒரு துள்ளுத் துள்ளியது. நாலு பேர் ஜோதிமணியின் கையைப் பிடித்தார்கள். கத்தரிக்கோல் நழுவித் தாம்பாளத்தில் விழுந்தது. விழுந்தது சும்மா கிடக்கவில்லை. விறுக்கென்று தலையைத் திருப்பியது. ஓரத்துக்கு ஓடியது. சாமி காலை இழுக்க இழுக்க அதுவும் எஜமானனைக் கண்ட நாய்க்குட்டி போல வாலைக் குழைத்துக்கொண்டு பின்னாலேயே போனது. கடைசியில் எலுமிச்சம்பழத்தோடு முட்டிக்கொண்டு நின்றது.

“கத்தரிக்கோலும் நடக்குது!” என்று ஒரு கிழவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “கோவிந்தா! கோவிந்தா!” பாதி மைதானம் விழுந்தது. பெர்சனல் ஆபீசர் உட்காரலாமா விழலாமா என்று புரியாமல் பாதி குனிந்து நின்றார்.

எல்லப்பன் விழவில்லை. பக்தி இல்லாமல் அல்ல. கத்தரிக்கோல் திரும்பிய அந்த விதம் அவருக்குத் தெரிந்த விதமாக இருந்தது. ஃபவுண்டரியில் கழிவு இரும்பைப் பொறுக்கும் பெரிய காந்தம் ஒன்று கிரேனில் தொங்கும். அது மேலே போகும்போது கீழே கிடக்கும் ஆணிகளெல்லாம் இப்படித்தான் தலையைத் திருப்பும். தினமும் பார்ப்பது. கும்பிடத்தான் ஒருநாளும் தோன்றியதில்லை.

கூட்டத்தின் கடைசியைப் பார்த்தார். ஆஞ்சப்பனின் கை இன்னும் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

எல்லப்பன் முன்னால் வந்தார். தாம்பாளத்திலிருந்து எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கினார். பிடுங்க வேண்டியிருந்தது, பழம் தாம்பாளத்தை விட்டு வர மறுத்தது. கைக்கு வந்ததும் கனமாக இருந்தது.

“டேய், வெட்டாதே! கை அழுகும்! வம்சம் நாசமாகும்!” சாமி எழ முயன்றார். ஏனோ எழ முடியவில்லை.

“யோவ் எல்லப்பா, வேணாம்யா!” கிருஷ்ணப்பன் கெஞ்சினார். “கை போச்சுன்னா இன்ஸ்பெக்‌ஷன்ல எவன் கையெழுத்துப் போடறது?”

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் பாதி எல்லப்பன் சாமியை நம்பிக்கொண்டுதான் இருந்தார். மனைவியைப் பார்த்தார்.

“இரும்பையே அறுத்துப் பார்க்கற ஆளு” என்றாள் ஜோதிமணி, மெதுவாக. இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை.

“அறுக்காம என்னா தெரியும்?” என்று எல்லப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கத்தரிக்கோலை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு வெட்டினார்.

டிங்!

கண்ணைத் திறந்து முதலில் கையைப் பார்த்தார். இரண்டும் இருந்தன. அப்புறம் தாம்பாளத்தைப் பார்த்தார். பேரிங்கில் போடும் எஃகு உருண்டை ஒன்று எலுமிச்சைச் சாறு சொட்டச் சொட்ட உருண்டு, சாமியின் பக்கமாக ஓடி, ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஜோதிமணி குனிந்து காவித் துணியைச் சுருட்டி இழுத்தாள். பலகைக்கு அடியில் சாமியின் வலது பாதம். பாதத்தின் மேல் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியபடி.



முதலில் வாயைத் திறந்தது நவதீபம் ஆள் அல்ல. ஷாமியானாக் கம்பத்துக்குப் பின்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற ஒருவன், “அய்யய்யோ, நம்ம கேப்டனுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடின்னு தள்ளி வெச்சோமே!” என்று தலையில் அடித்துக்கொண்டான். சூளகிரி டீம் ரசிகன். உளவு பார்க்க வந்தவன். “பந்தைத் தூக்கிக் குடுக்கற எங்க லிஃப்டருக்கு ஆறு விரல்னு எடுத்துட்டோம்பா!” என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து மத்தூர்க் குரல். “நம்தூ அதே கதெ குரு!” என்று, தங்கள் கதையும் அதேதான் எனக் கன்னடத்தில் ஒன்று, அது சாம்பியன் கம்பெனி. சுற்றுவட்டாரத்தில் இருந்த அத்தனை டீமும், அடுத்தவன் யாகத்தில் என்ன விசேஷம் என்று பார்க்க ஒளிந்து ஒளிந்து வந்திருந்தது. ரகசியம் காப்பதில் அவ்வளவு நேர்மை!

சாமி ஓடினார். நல்ல ஓட்டம்தான். ஆனால் அது ஃபவுண்டரி மைதானம். வருஷக்கணக்காகக் கடைசல் தூளும் இரும்புச் சுருளும் கொட்டிக் கிடக்கிற மண். ஒவ்வொரு அடிக்கும் காந்தம் ஒரு பிடி தூளை அள்ளியது. கேட்டுக்குப் பாதி தூரம் போவதற்குள் ஒரு கால் மனுஷக் காலாகவும் மறு கால் கரடிக் காலாகவும் ஆகிவிட்டது. அதைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

கிருஷ்ணப்பன் பெல்ட்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். எல்லப்பன் குறுக்கே விழுந்து தடுத்தார்.

“விடுய்யா! நம்மளை ஏமாத்தினவன்யா!”

“அவனுக்கு ஒரு அடி போட்டா நமக்கு ரெண்டு போட்டுக்கணும் கிருஷ்ணப்பா. ஆரம்பிக்கறதுன்னா என் முதுகுலேர்ந்து ஆரம்பி.”

சாமி மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து பார்த்தார். “நானா உங்களை வரச் சொன்னேன்? நீங்கதானே வரிசையில நின்னீங்க? நாலு நாள்ல ஊரை விட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். கூட்டம் விட்டாத்தானே!”

அவர் இந்த ஊரில் பேசிய ஒரே உண்மை அதுதான். ஜோதிமணி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும், “வசூல் பண்ணின பணம் எந்தப் பெட்டியில?” என்று மூன்று பாஷையிலும் கேட்டாள். மூன்றாவது பாஷை முடிவதற்குள் சாவி வந்துவிட்டது.

பெர்சனல் ஆபீசர் செருப்பை மாட்டிக்கொண்டார். “நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன்” என்றார். பிறகு ஆஞ்சப்பனைக் கூப்பிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, “ஆடு தம்பி. ஆடறதைப் பார்த்துட்டு முடிவு பண்றேன். இப்பத்தான் கண்ணால பார்க்கப் பழகியிருக்கேன்” என்றார்.

தை மாதம் முதல் மாட்ச், சாம்பியனோடு. நவதீபம் ஐந்தாவது செட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஆஞ்சப்பன் வலது ஓரத்திலிருந்து இடது கையால் விளாசிய ஒவ்வொரு பந்துக்கும் ஜோதிமணி நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தாள். பெர்சனல் ஆபீசரும் ஏறினார். அவர் ஏறிய நாற்காலி உடைந்தது. தரையில் உட்கார்ந்தபடியே கத்தினார். அப்படியும் நவதீபம் தோற்றது. ஆனால் மறுநாள் ஆஞ்சப்பன் நிரந்தர வேலைக்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டான். இடது கையால், நிமிர்ந்து நின்று.

டீக்கடையில் அன்று மாலை மறுபடி சபை கூடியது.

“ஏன் தோத்தோம்?” என்றார் கிருஷ்ணப்பன். பழக்கதோஷத்தில் வானத்தைப் பார்த்தார்.

“மேல என்னா பார்க்கற? கடைசி செட்ல அவன் குறுக்கால அடிச்ச பந்தை எடுக்க நம்ம ஆளு ஒருத்தன்கூட குனியலை. அதுக்குப் பேரு தோஷமில்ல, தொப்பை” என்றார் ஷேக் தாவூத்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லப்பன்தான் அதிகம் சிரித்தார். மறுநாளிலிருந்து காலையில் அரை மணி நேரம் குனிந்து எடுக்கும் பயிற்சி என்று அங்கேயே முடிவாயிற்று. நவதீபத்தின் வரலாற்றில் டீக்கடையில் எடுத்த முதல் உருப்படியான முடிவு.

ஜெயம் சாமி இப்போது வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ பெயரில் இருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மைப் போன்றவர்கள் இருக்கிற வரைக்கும் அவருக்கு வேலையில்லாத் திண்டாட்டம் வராது. தலையை மொட்டையடிக்கக் கொடுப்பது அவரவர் இஷ்டம். கொடுப்பதற்கு முன்னால், உள்ளே இருப்பதை ஒரே ஒரு தடவை உபயோகித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.